நூதனசாலையில் எழுந்த நூற்பட்டியல் விவாதம்

1841ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் பிரித்தானிய நூதனசாலையார் தம் நூல் நிலையத்திலிருந்த அச்சு நூல்களுக்கு ஒரு பட்டியலை வெளியிடத் தொடங்கினர். பெரிய அளவுத் தாளில் அச்சான அதன் முதலாந் தொகுதியில் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய 'ஏ'யில் தொடங்கும் பதிவுகள் மாத்திரமே அடங்கியிருந்தன. நூல்களை எவ்வாறு பதிதல் வேண்டும் என்பதை வரையறுக்கும் 91 விதிகள் அதன் முகப்பிலே சேர்க்கப்பட்டிருந்தன. இரண்டாந் தொகுதி வெளிவரவேயில்லை. 'பீ' என்னும் எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்று பத்திரிகைகள் கேட்டன; அறிஞர் கேட்டனர்; முடிவில் ஓர் அரச ஆணைக்குழுவே கேட்டது. அக்கேள்வியை ஒட்டி எழுந்த விவாதம் நூல் நிலைய வரலாற்றிலே தனியிடம் பெறுவது. புத்தகங்களின் பெயரை எழுதிவைத்தல் என்னும் எளிய செயலுக்கு விதி எதற்கு என்று கேட்டவர்கள் கல்வியறிவில்லாதவர்கள் அல்லர். அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவரும் அவர்களுள் இருந்தார்.

நூதனசாலை 1753ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்று, 1759இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் நூல்களுக்கு 1787இல் இரண்டு தொகுதிகளாக ஒரு பட்டியல் அச்சாயிற்று. பின்னர் ஹென்றி எல்லிஸ், ஹென்றி ஹேவி பேபர் என்னும் இருவர் 1813 முதல் 1819 வரை உழைத்து ஏழு தொகுதிகளில் மற்றொன்றை வெளியிட்டனர். அச்சான பட்டியலுக்குள்ள குறை யாதெனில், அது அச்சான நாளிலேயே பழையதாகிவிடுவதாகும். ஆகவே அதன் பிரதியொன்றில் ஏட்டுக்கு ஏடு வெற்றுத்தாள் செருகி, புதிதாக வந்த நூல்களின் பெயர்களைக் கையால் எழுதிவந்தனர். 1823இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் சேர்த்துவைத்த 60,000க்கு மேற்பட்ட நூல்கள் நூதனசாலைக்குக் கிடைத்தன. அவற்றுக்கு வேறொரு பட்டியல் இருந்தது. ஒரு நூலைத் தேடுபவர் இவ்வாறு பல இடங்களிலே தேடவேண்டிய நிலை உண்டாயிற்று. எழுதியவர் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனவாறு எழுதியமையால், ஓரிடத்தில் ஆசிரியர் பெயரிலும் மற்றோரிடத்தில் மொழிபெயர்த்தவர் பெயரிலும் ஒரே நூல் மறைந்து கிடந்தது.

அகரவரிசையே வேண்டாம், பொருள் வகையாலே பட்டியல் அமைத்தால் போதும் என்று கருதியவர்களும் இருந்தனர். அந்நோக்கோடு தோமஸ் ஹாட்வெல் ஹோன் என்னும் பாதிரியார் 1824இல் நியமிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் வேலை செய்தார். 1834இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. பொருள் வகை வகுப்பது அறிவுக்கு இனியதே; ஆயின் ஒரு நூல் எப்பொருளைச் சார்ந்தது என்பதில் இருவர் ஒத்த கருத்துடையராதல் அரிது. நூலின் முகப்பேட்டில் அச்சிட்டிருக்கும் ஆசிரியர் பெயரைப் பற்றி அத்துணை வேறுபாடு எழாது என்றே அப்போது பலரும் நினைத்தனர். அந்நினைப்பும் எவ்வளவு பேதைமையானது என்பது பின்னரே தெரியவந்தது.

இவ்விவாதத்தின் நாயகராகிய அந்தோனியோ பனிற்சி ஆங்கிலேயர் அல்லர். இத்தாலியிலே மொடேனாக் கோமகனின் ஆட்சிக்குட்பட்ட பிறசெல்லோ என்னும் ஊரில் 1797இல் பிறந்தவர்; பார்மாச் சர்வகலாசாலையிலே சட்டம் பயின்றவர். கொடுங்கோலாட்சிக்கு எதிரான இரகசியச் சங்கத்தைச் சார்ந்தவர் என்னும் குற்றத்துக்கு அஞ்சி 1822இல் நாட்டைவிட்டு ஓடினார். அவர் இல்லாதபோதே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டனுக்கு வந்து, பின்னர் லிவர்பூல் நகரிலே இத்தாலிய மொழி கற்பித்து வயிறு வளர்த்த இந்த அகதி, 1828இல் புதிதாகத் தோன்றிய இலண்டன் சர்வகலாசாலையில் இத்தாலியப் பேராசிரியரானார். 1831இல் நூதனசாலையிலே மேலதிக உதவி நூலகராகச் சேர்ந்தார். 1837இல் பேபர் விலகியபோது, அச்சு நூற் பகுதியின் பொறுப்பாளர் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. சேவையில் அவருக்கு மூத்தவரும், தாந்தேயின் பெருங்காப்பியத்தை ஆங்கிலத்திலே தந்தவருமான ஹென்றி பிரான்சிஸ் கேரி இருக்க, அயல்நாட்டான் ஒருவனுக்கு அப்பதவி கொடுக்கப்படலாமா என்று முணுமுணுப்பு எழுந்தது. நூற்பட்டியல் பற்றிய சண்டையின் அடியிலே இந்த முணுமுணுப்பும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

பதவி உயர்வு பெறுதற்கு முன்னரே, 1836இல், நூதனசாலையின் நிலையை ஆராய்ந்த மக்கட் சபைத் தெரிகுழுவின் முன் பனிற்சி சாட்சியம் அளித்திருந்தார். செல்வம் மிகுந்தவன் தன் வீட்டிலே நூல்களை வைத்துக் கற்கலாம். வறிய மாணவனுக்கும் அதே வசதி கிடைக்கவேண்டுமாயின் அதனை அரசுதான் கொடுத்தல் வேண்டும். நூல்களைத் தேடும் ஆற்றலில் இருவரும் சமமாக நிற்கவேண்டும் என்பது அவர் அங்கே முன்வைத்த கருத்து. பின்னால் அவர் விதிகளைப் பற்றிப் பிடிவாதம் பிடித்தபோதெல்லாம் இக்கருத்தே பின்னணியில் நின்றது. அறிஞருக்கு நூலகரின் நட்பு உண்டு. கேட்டால் எடுத்துக் கொடுப்பர். அறிமுகமற்ற மாணவனுக்கோ பட்டியலைத் தவிர வேறு துணை இல்லை.

நூதனசாலையின் தருமகர்த்தாக்கள் புதிய பட்டியலை விரைவில் அச்சிட விரும்பினர். பனிற்சி பொறுப்பேற்ற காலத்திலே நூல்கள் ஏறக்குறைய 235,000 இருந்தன. அவற்றைப் பலர் பகிர்ந்து பதிவதாயின் முதலில் விதி வகுத்தல் வேண்டும் என்றார் அவர். தோமஸ் வாற்ஸ், ஜோன் வின்ரர் ஜோன்ஸ், எட்வேட் எட்வேட்ஸ், ஜோன் ஹம்பிரீஸ் பாரி என்னும் நால்வரும் அவருமாக ஐவர் அவ்வேலையில் ஈடுபட்டனர். இவருள் எட்வேட்ஸ் கட்டடம் கட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுப் பொது நூல் நிலையச் சட்டம் உருவாவதற்கு உழைத்தவரும் அவரே. ஐவரும் தனித்தனியே விதிகளை எழுதி, பின் ஒன்றுகூடி ஒவ்வொன்றையும் எடுத்து வாதிட்டனர். ஒருவர் விதியை மற்றவர் உதாரணம் காட்டி உடைப்பார். உடைந்தது திருத்தி எழுதப்படும். இவ்வாறு உருவான விதிகளைத் தருமகர்த்தாக்கள் 1839 ஜூலையில் ஏற்றனர். பின்னர் விரிந்து அவை 91 ஆயின.

அவ்விதிகள் கூறுவன சில. ஒவ்வொரு நூலின் பெயரையும் ஒரே அளவான தனிச் சீட்டிலே எழுதுக. ஆசிரியரின் குடும்பப் பெயரைத் தலைப்பாகக் கொண்டு ஆங்கில நெடுங்கணக்கு முறையில் அடுக்குக. ஆசிரியர் புனைபெயரில் எழுதியிருந்தால் அப்புனைபெயரிலேயே பதிக. உண்மைப் பெயர் தெரியவரின் அதனைப் பக்கத்திலே குறிக்க. கழகங்கள் வெளியிட்டவை, பருவ வெளியீடுகள், வழிபாட்டு நூல்கள் முதலியவற்றுக்குத் தனித் தலைப்பு இடுக. ஒரு தலைப்பிலே தேடுபவரை உரிய தலைப்புக்கு அனுப்பும் வழிகாட்டுக் குறிப்புகளை எழுதுக.

விதி என்றால் வறட்டுச் சட்டம் என்று எண்ணத் தோன்றும். ஓர் உதாரணத்தால் அதன் பயனை உணரலாம். ஹோமரின் இலியத்து என்னும் காப்பியத்தை ஆங்கிலத்திலே சப்மன் மொழிபெயர்த்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் போப் மொழிபெயர்த்தார். கிரேக்க மூலத்தையும் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலே அச்சிட்டனர். விதியில்லாத பட்டியலில் சப்மனின் நூல் 'ச'விலும், போப்பின் நூல் 'ப'விலும், மூலம் 'இலியத்து' என்ற பெயரிலும் கிடக்கும். மூன்றும் பட்டியலில் உள்ளனவே, ஆதலின் குறை என்ன என்று கேட்கலாம். போப்பின் நூலைத் தேடுபவருக்குக் குறையில்லை. அவர் தேடியதை எடுத்துக்கொண்டு போவார். ஹோமரைத் தேடுபவர் தமக்குக் கிடைத்த ஒன்றே நூல் நிலையத்தில் உள்ளது என்று எண்ணித் திரும்புவார். கிடைக்காததைப் பற்றி முறையிடவும் அவரால் முடியாது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது. பட்டியல் என்பது பொருள்களின் வெறுங்கணக்கன்று, ஒரு நூலின் பல வடிவங்களை ஒருங்கு காட்டுவது என்னும் இக்கருத்தை முதன்முதலில் விதிகளாக்கிச் செயற்படுத்திய பெருமை பனிற்சி குழுவினருக்கு உரியது. அவர்களுக்கு முன் விதி வகுத்தாரே இல்லை என்பது கருத்தன்று. பிரான்சிலே புரட்சிக்காலத்தில், மடங்களிலிருந்து பறிமுதல் செய்த நூல்களைப் பதிதற்கு 1791இல் அரசு ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஒரே அளவான சீட்டுகள் வேறு கிடைக்காமையாற் போலும், சூதாடும் சீட்டுகளின் பின்புறத்திலே எழுதும்படி அது பணித்தது!

எனினும் நூதனசாலை விதிகள் முழுவதும் பனிற்சியின் மனத்துக்கு ஒத்தவை அல்ல. ஆசிரியர் பெயரில்லா நூல்களை அவற்றின் தலைப்பின் முதற்சொல்லாற் பதிவதே நேர்மையானது என்பது அவர் கருத்து. தருமகர்த்தாக்களின் விருப்பப்படி அமைந்த விதியோ, தலைப்பிலே ஆட்பெயரோ இடப்பெயரோ வரின் அதனையும், வராவிடின் முதலில் வரும் பெயர்ச்சொல்லையும் தேர்ந்தெடுக்கச் சொல்லிற்று. நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றந்தான். ஆயின் தேர்ந்தெடுத்தல் புகுந்த இடத்திலே கருத்து வேறுபாடும் புகும். பிற்காலத்தில் அப்பட்டியலைப் பயன்படுத்தியோர் மிகுதியாக நொந்துகொண்டதும் இவ்விடத்திலேதான்.

அடுத்துத் தருமகர்த்தாக்கள் செய்த தவறு பெரியது. நூல்கள் முழுவதும் பதிவதற்கு முன்னரே 'ஏ' எழுத்தை அச்சிடவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். கண்காணிப்புக்கு எளிதாகவும், பாராளுமன்றத்துக்குக் காட்டத்தக்கதாகவும் ஏதாவது ஒன்று கையிலே வேண்டும் என்பது அவர்கள் நிலை. பனிற்சி விருப்பமின்றியே உடன்பட்டார். 'ஏ'யில் பதியவேண்டிய நூல்கள் அலமாரியிலே ஒருங்கே நிற்பன அல்ல. வேறெங்கோ இருக்கும் ஒரு நூலை எடுத்துப் பார்த்தபின்புதான், அது 'ஏ'யில் தொடங்கும் ஆசிரியர் ஒருவருடையது என்று தெரியவரும். அல்லது அந்நூலிலிருந்து 'ஏ'யிலுள்ள ஒரு தலைப்புக்கு வழிகாட்டுக் குறிப்பு எழுதவேண்டியிருக்கும். அதற்குள் 'ஏ' அச்சாகி முடிந்துவிடும். கடைசி நூலையும் பதிந்து முடிக்கும்வரை முதலெழுத்தை முடிக்க இயலாது என்னும் இவ்வுண்மையை 1841இன் தொகுதி எல்லாருக்கும் விளக்கிற்று. அச்சு வேலை அத்துடன் நின்றது.

நின்றபின் பதிவு வேலை உள்ளே நடந்துகொண்டேயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கோ ஆண்டுதோறும் பணம் செலவாவதும், பட்டியல் வராமையுமே தெரிந்தன. இதனிடையே பனிற்சி வாசிகசாலையிலே ஒரு புதிய ஒழுங்கையும் புகுத்தியிருந்தார். நூல் வேண்டுவோர் தாமே பட்டியலைப் பார்த்து, நூலின் பெயரையும் அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் குறியையும் வேண்டுகைச் சீட்டிலே எழுதிக் கொடுத்தல் வேண்டும். முன்பெல்லாம் பணியாளரிடம் வாயாற் சொல்லிப் பெற்றுவந்த பெரியோருக்கு இது அவமதிப்பாகப் பட்டது. வரலாற்று ஆராய்ச்சியாளரான சேர் நிக்கொலஸ் ஹரிஸ் நிக்கொலஸ் 1846இல் பத்திரிகையிலே பட்டியலையும் இவ்வொழுங்கையும் சேர்த்துக் கண்டித்தார். பனிற்சி அவருக்கு மறுப்பு வெளியிட்டார். அதற்கு நிக்கொலஸ் ஒரு மறுப்பு வெளியிட்டார். சண்டை முற்றவே, 1847இல் அரசாங்கம் எல்ஸ்மியர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அதன் செயலாளராக வந்தவர் ஜோன் பேயின் கொலியர். சேக்ஸ்பியர் ஆராய்ச்சியாலே பெயர்பெற்றவர். சுருங்கிய பட்டியலொன்றை உடனே அச்சிடவேண்டும் என்னும் கட்சியைச் சேர்ந்தவர். நடுநிலையோடு குறிப்பெடுக்கவேண்டிய செயலாளரே வழக்காளிகளுள் ஒருவராக இருந்தமை விந்தையே.

ஆணைக்குழுவின் முன் தோன்றிய சாட்சிகளுள் தோமஸ் கார்லைல் முதன்மையானவர். பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றை எழுதியபோது, அக்காலத்துத் துண்டு நூல்கள் நூதனசாலையிலே பெருந்தொகையாக இருந்தும், தக்க பட்டியல் இன்மையாலே தமக்குப் பயன்படவில்லை என்பது அவருடைய நெடுநாளைய மனக்குறை. அக்குறையின் விளைவாகவே 1841இல் நூல்களை வீட்டுக்குக் கொடுத்துதவும் இலண்டன் நூல் நிலையம் அவர் முயற்சியால் தோன்றிற்று. பட்டியல் எவ்வளவு குறைபாடுடையதாயினும் அது இல்லாமையினும் மேலானது என்பது அவர் வாதத்தின் சாரம். பனிற்சியின் புகழ் பாடுவோர் கார்லைலின் முன்கோபத்தை மாத்திரம் எடுத்துக்காட்டி அவருடைய வழக்கைத் தள்ளிவிடுவர். அது முறையன்று. எழுதப்புகுந்த நூலை முடிக்கவேண்டியவனுக்கு நாற்பதாண்டுகளின் பின் வரப்போகும் நிறைவான பட்டியலாற் பயன் என்ன? நூலகர் தம் வேலையை வருங்காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். வாசகனுக்கு இன்றைய பிற்பகல்தான் உண்டு.

கார்லைலின் வாதத்திலும் கொலியரின் வாதம் ஆபத்தானது. கேட்பதற்கு அது மிகவும் நியாயமாக இருந்தது. ஆசிரியர், தலைப்பு, பதித்த இடம், ஆண்டு ஆகியவற்றை மட்டும் சுருக்கமாக எழுதினாற் போதும். கல்வியறிவுடைய எவனும் இதனைச் செய்வான். விதிகளின் நுணுக்கமே காலத்தை விழுங்குகிறது என்றார் அவர். சொன்னதோடு நில்லாமல், தம் வீட்டு நூல்களுள் இருபத்தைந்தை எடுத்து ஒரு மணி நேரத்திலே பதிந்து காட்டினார். அச்சீட்டுகள் பனிற்சியின் கைக்கு வந்தன. பனிற்சி அவற்றை வின்ரர் ஜோன்ஸிடம் ஒப்படைத்தார்.

ஜோன்ஸ் அவ்விருபத்தைந்து பதிவுகளையும் நூல்களோடு ஒப்புநோக்கி அறிக்கை எழுதினார். நூற்பதிவிலே செய்யக்கூடிய பிழைகளுள் ஏறக்குறைய எல்லா வகையும் அவற்றுள்ளே காணப்பட்டன என்பது அவர் கண்ட முடிபு. ஆசிரியர் பெயர் முகப்பிலே இருக்கப் பதிப்பாசிரியர் பெயர் தலைப்பாக்கப்பட்டிருந்தது. மூலநூலாசிரியர் யாரென்று எளிதில் அறியக்கூடியதாக இருக்க மொழிபெயர்த்தவர் பெயர் தலைப்பாக்கப்பட்டிருந்தது. எத்தனையாம் பதிப்பு என்பது விடப்பட்டிருந்தது. ஆசிரியரின் முதற்பெயர் விடப்பட்டிருந்தது. பதிந்தவரோ நாடறிந்த அறிஞர். பதியப்பட்டவை அவர் நாடோறும் கையாண்ட சொந்த நூல்கள். அவருக்கு அறிமுகமில்லாத மொழியில் எழுதியவை அல்ல. அத்தகையவர்க்கே இது நேருமாயின், பல மொழிகளிலுள்ள சில இலட்சம் நூல்களைப் பலர் விதியின்றிப் பதிந்தால் என்ன விளையும் என்று விரித்துரைக்க வேண்டிய தேவை பனிற்சிக்கு இருக்கவில்லை. வாதத்தால் வெல்ல முடியாத வழக்கை இருபத்தைந்து சீட்டுகள் வென்று கொடுத்தன. சிறிய அச்சுக் குறிப்புகளிலே துல்லியம் எதற்கு என்று கேட்ட இந்தக் கொலியர், சேக்ஸ்பியரின் பழைய பதிப்பொன்றிலே பழங்காலத் திருத்தங்களைத் தாம் கண்டெடுத்ததாக 1852இல் அறிவித்தார். 1859இல் அப்பிரதி நூதனசாலையிலே ஆராயப்பட்டு, திருத்தங்கள் அண்மைக் காலத்துப் போலி எழுத்தென்று வெளிப்பட்டதும் இங்கே நினைக்கத்தக்கது.

கணிதப் பேராசிரியர் ஒகஸ்தஸ் டி மோர்கன் பனிற்சியின் சார்பிலே சாட்சியம் அளித்தார். பழைய கணித நூல்களைத் தாமே தேடிப் பதிந்த அனுபவம் அவருக்கு உண்டு. நூலைச் சரியாக விவரித்தல் எளிதென்று நினைப்பவர்கள் அதனைச் செய்து பாராதவர்களே என்பது அவர் கட்சி. பின்னர் 1853இல் அதைப் பற்றியே ஒரு கட்டுரையும் எழுதினார். இலக்கியப் புகழ் படைத்தோர் ஒரு பக்கமும், எண்ணிப் பழகிய கணிதர் மறுபக்கமுமாக நின்றமை தற்செயலாகவும் இருக்கலாம்.

ஆணைக்குழுவின் அறிக்கை 1850இல் வெளிவந்தது. பனிற்சியின் பக்கமே நியாயம் என்று அது கண்டது. சுருங்கிய பட்டியலை உடனே அச்சிடுக என்னும் கோரிக்கையை ஏற்கவில்லை. அதற்குள் ஒரு நடைமுறை வழியும் பிறந்திருந்தது. பதிவுகளைக் கரித்தாள் வைத்து ஒரே வேளையில் நான்கு படிகளாக எழுதினர். அச்சீட்டுகளைப் பெரிய குறிப்பேடுகளின் தாள்களிலே இடைவெளி விட்டு ஒட்டினர். புதிய நூல் வந்தால் அதன் சீட்டை உரிய இடத்திலே செருகி ஒட்டலாம்; இடம் போதாவிட்டால் பழைய சீட்டைப் பெயர்த்து வேறு தாளுக்கு மாற்றலாம். இவ்வாறு அமைந்த 150 ஏடுகள் வாசிகசாலையில் வைக்கப்பட்டன. அச்சுப் பட்டியல் அச்சான நாளிலேயே பழையதாகும் என்னும் குறை இதனாலே நீங்கிற்று. ஆயின் பட்டியல் வாசிகசாலைக்குள்ளே மாத்திரம் இருந்தது. எடின்பரோவிலோ தப்ளினிலோ இருந்தவர், இலண்டனிலே ஒரு நூல் உண்டா என்று அறியப் பயணம் செய்தே ஆகவேண்டும். அச்சுப் பட்டியலைக் கேட்டவர்களின் வழக்கில் இருந்த உண்மை இதுவே. வறிய மாணவனுக்காகப் பேசியவரின் பட்டியல், வெளியூர் மாணவனுக்கு எட்டாததாய் நின்றது.

ஏடுகள் ஆண்டுதோறும் பருத்தன. 1857இல் திறக்கப்பட்ட பெரிய வட்ட வாசிகசாலையின் நடுவே வைக்கப்பட்ட அவை, 1880 அளவில் இரண்டாயிரத்தைத் தாண்டின. ஒட்டச் சுவடி இருந்தும் வைக்க இடமில்லை. கொள்கையினாலன்று, இடநெருக்கடியினாலேயே நூதனசாலை மீண்டும் அச்சை நாடிற்று. 1881இல் தொடங்கிய பொது நூற்பட்டியல் 1900இல் இறுதி எழுத்தை எட்டியது. இம்முறை பதிவுகள் முழுவதும் ஏடுகளிலே ஆயத்தமாக இருந்தமையால் 'ஏ'யிலே நிற்கவில்லை. 1856 முதல் 1866 வரை நூதனசாலைக்கே தலைமை வகித்து, 1869இல் 'சேர்' பட்டமும் பெற்ற பனிற்சி, 1879இல் காலமாகிவிட்டார்.

விதிகள் அவருக்கு முன்பே கடல் கடந்துவிட்டன. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூலகராயிருந்த சாள்ஸ் ஜுவெற், பனிற்சியின் விதிகளைத் தழுவித் தம் விதிகளை 1852இல் வெளியிட்டார். ஒவ்வொரு பதிவையும் தனித் தட்டாக வார்த்து, வேண்டியபோது வேண்டிய ஊருக்குப் பட்டியல் அச்சிட்டுக் கொடுக்கலாம் என்பது அவருடைய கனவு. தட்டுகள் சரிவர அமையவில்லை. நிறுவனத் தலைவரோடு பிணங்கிப் பதவியும் போயிற்று. 1876இல் சாள்ஸ் கற்றர் 205 விதிகளை வகுத்தார். 1908இல் ஆங்கில, அமெரிக்க நூலகர் சங்கங்கள் பொதுவான விதித்தொகுதி ஒன்றுக்கு உடன்பட்டன. விதிகள் பெருகப் பெருக, விதிக்கு விதி எழுதும் நிலை வந்தது. 1953இல் அமெரிக்க நூலகர் செமூர் லுபெற்ஸ்கி ஒவ்வொரு விதியையும் எடுத்து இது தேவைதானா என்று கேட்டபோது, ஒரு நூற்றாண்டுக்கு முன் கொலியர் கேட்ட கேள்வி, இம்முறை விதியறிந்தவர் வாயிலிருந்தே வந்தது.

தமிழ் நூல்களும் நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. ஜீ. யூ. போப்பும் எல். டி. பார்னற்றும் தயாரித்த தமிழ் நூற்பட்டியல், போப் 1908இல் காலமானபின், 1909இல் அங்கிருந்து வெளிவந்தது. குடும்பப் பெயரைத் தலைப்பாக்குக என்னும் விதி நம்மவர் பெயர்களிடத்து என்ன பாடுபடும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சி. வை. தாமோதரம்பிள்ளை என்னும் பெயரிலே 'சி' பிறந்த சிறுப்பிட்டியையும் 'வை' தந்தையார் வைரவநாதபிள்ளையையும் குறிக்கும். குடும்பப் பெயர் என்பது அங்கே இல்லவே இல்லை. இறுதிச் சொல்லே குடும்பப் பெயர் என்று மேனாட்டு விதியை இயந்திரம்போற் செலுத்துபவர் 'பிள்ளை' என்னும் தலைப்பின் கீழே ஆயிரம் பேரை அடைத்துவிடுவார். ஆறுமுக நாவலரை 'நாவலர்' குடும்பத்தவர் ஆக்கிவிடுவார். சீர்காழியிலே பிறந்து, 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகி, இலண்டன் சென்று பயின்று மீண்ட சீ. இரா. அரங்கநாதன், 1934இல் வெளியிட்ட தம் விதித்தொகுதியிலே இந்தியப் பெயர்களின் அமைப்பைக் கருத்திற் கொண்டே விதி வகுத்தார். 1961 அக்டோபரில் பரிஸ் நகரிலே 53 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய மகாநாடு இதனைப் பொதுக்கொள்கை ஆக்கிற்று. ஆட்பெயரில் எச்சொல்லைத் தலைப்பாக்குவது என்பதை அவ்வாசிரியரின் நாட்டு வழக்கே தீர்மானிக்கவேண்டும்; அது இயலாவிடின் அவர் எழுதிய மொழியின் வழக்கு தீர்மானிக்கவேண்டும் என்று அது வகுத்தது. அம்மகாநாட்டை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவராகிய சப்ளின், பனிற்சியின் பழைய நூதனசாலையைச் சேர்ந்தவர்.

பரிஸ் கொள்கைகளை ஒட்டிய புதிய விதித்தொகுதி 1967இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வெளிவந்தது. ஓர் ஆசிரியர் எப்பெயரால் அறியப்படுகிறாரோ அப்பெயரிலேயே பதிக என்றது அது. விவாதம் அங்கேயும் ஓயவில்லை. அமெரிக்கக் காங்கிரசு நூல் நிலையம், புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு மாத்திரம் புதிய விதி, பட்டியலிலே முன்பே இடம்பெற்ற பெயர்களுக்குப் பழைய விதி என்று முடிவு செய்தது. அட்டைகளை இலட்சக்கணக்கிலே திருத்தும் செலவுக்கு அஞ்சியே அவ்வாறு செய்தனர். ஆகவே உலகெல்லாம் மார்க் துவெயின் என்று அறிந்த எழுத்தாளர், அந்நிலையத்து அட்டைப் பெட்டிகளிலே சாமுவேல் கிளெமென்ஸ் என்னும் தம் இயற்பெயரின் கீழேயே மேலும் பல ஆண்டுகள் இருந்தார். 1978இல் வந்த திருத்திய தொகுதியை அந்நிலையம் 1981 ஜனவரியிலே முழுவதும் கைக்கொண்டபோது அவர் மார்க் துவெயின் ஆனார். அட்டைகளைத் திருத்தவில்லை, பழைய அட்டைப் பட்டியலை அன்றோடு நிறுத்திவிட்டு, புதிய பதிவுகளைக் கணனியிலே சேர்த்தனர். அதன்பின் மார்க் துவெயினின் நூல்களைத் தேடி அங்கே சென்றவர், கணனியிலே ஒரு பெயராலும், அட்டைப் பெட்டியிலே மற்றொரு பெயராலும் இரண்டிடத்திலே தேடவேண்டியவரானார்.